சுத்த ஜீரோ

எங்கள் பட்டறையில் ஒருவனை மனம் நோகத் திட்டுவதற்குக் கெட்ட வார்த்தை எதுவும் தேவைப்படாது. "அவனுக்கு ஜீரோ கெடையாது" என்றால் போதும். அன்று முழுக்க அவன் யாரோடும் பேசமாட்டான். அதே போல ஒருவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டுமென்றால் "அவன் சுத்த ஜீரோ" என்பார்கள். அதற்கு மேல் ஒரு பாராட்டு எங்களிடம் இல்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது தலைகீழாகக் கேட்கும் என்று எங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் என் கல்யாணம் அந்தரத்தில் தொங்கியிருக்காது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரிய கம்பெனிகளின் மதில்களுக்குப் பின்னால் சந்து சந்தாகச் சின்னப் பட்டறைகள் இருக்கும். அதில் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். பிரஷர் கேஜ் ரிப்பேர் செய்வதும், அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சீட்டு ஒட்டி அனுப்புவதும் எங்கள் தொழில். பாய்லர், கம்ப்ரசர், பம்பு என்று எதன் தலையிலும் வட்டமாக, கண்ணாடி போட்டு, ஒற்றை முள் வைத்த கடிகாரம் மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதுதான் கேஜ். உள்ளே அழுத்தம் ஏறினால் முள் ஏறும். அழுத்தம் இல்லாதபோது முள் ஜீரோவில் நிற்க வேண்டும்.

நிற்காது. அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

சும்மா இருக்கும்போதே முள் கால் கிலோ, அரை கிலோ அழுத்தம் காட்டினால் அதற்கு ஜீரோ எரர் என்று பெயர். காலையில் ஒழுங்காக இருந்தது, யாரோ கீழே போட்டார்கள், பிறகு ஒரேயடியாக வேறு இடத்தில் போய் நிற்கிறது என்றால் அது ஜீரோ ஷிஃப்ட். ஜீரோ டிரிஃப்ட் என்பது இன்னும் நைசானது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூடேறச் சூடேற, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, முள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும். மாலையில் பார்த்தால் நேற்று நாம் வைத்த இடத்தில் இருக்காது.

இந்த மூன்று வியாதியும் மனிதர்களுக்கும் உண்டு என்பது பட்டறையின் முடிவு. லேத் ஓட்டுகிறவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால் "இன்னிக்கு எரரோட வந்துக்கீறான், கிட்ட போவாத" என்பார்கள். ஸ்டோர் கீப்பர் டிரிஃப்ட். காலை எட்டு மணிக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, மூன்று மணிக்கெல்லாம் மேஜையில் கன்னம் பதிந்திருக்கும்.

எனக்கு எந்த வியாதியும் இல்லை என்று சொல்வார்கள். நான் பேசவே மாட்டேன் என்பதால் வந்த பெயர் அது. பத்தாவது முடித்ததும் அங்கே சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த வேலை ஜீரோ செட்டிங். முள்ளைப் பிடுங்கி, டயலைத் துடைத்து, மறுபடி ஜீரோவில் வைத்து, சின்னச் சுத்தியால் ஒரு தட்டு. அந்த ஒரு தட்டில் முள் அரை மயிரளவு நகர்ந்தாலும் திரும்பவும் பிடுங்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒரு வேலை எனக்காகவே கண்டுபிடித்ததுபோல் இருந்தது. பத்து வருஷம் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

பெண் வீடு ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். எங்களுக்குத் தூரத்து உறவு. என் அப்பா கல்யாணத்துக்கு முன்பே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மேனாம்பேட்டில் தங்கிவிட்டவர். பெண்ணின் அப்பா அதே பக்கத்திலிருந்து அரசாங்க வேலைக்காக வந்தவர். தொழிற்சாலையில் சீருடைக்குத் துணி வெட்டுகிற கட்டர். முப்பது வருஷம் சென்னைக்காற்றைச் சுவாசித்தும் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது.

அம்மாவும் நானும் போனோம். அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெண்ணின் அப்பா எதிரில் உட்கார்ந்து, தம்பிக்கு என்ன வேலை என்று மரியாதையாகக் கேட்டார். நான் "ஜீரோ செட்டிங்" என்றேன். அவர் மீதியைக் கேட்பதற்காகக் காத்திருந்தார். மீதி இல்லை. பிறகு அம்மா, கம்பெனியில் நல்ல பெயர், லீவே போடமாட்டான் என்று எதையோ சொல்லி அந்த இடத்தை நிரப்பினாள்.

பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் திரும்பிப் போகும்போது, "ஆறிடப் போகுது" என்றாள். என்னிடம்தான். அந்த இரண்டு வார்த்தையை நான் ஒரு வாரம் வைத்துக்கொண்டிருந்தேன். ரயிலில் திரும்பும்போது அம்மா, பெண் எப்படி என்று கேட்டாள். நான் "ம்" என்றேன். என் "ம்"களை அம்மாவுக்குத் தரம் பிரிக்கத் தெரியும். இது பெரிய "ம்" என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கு முன் பார்த்த இரண்டு பெண்களுக்கு நான் தலையை மட்டும் ஆட்டியிருந்தேன். அவர்கள் வீட்டிலும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார்கள், வேறு பக்கமாக.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், எங்கள் ஃபோர்மேன் என் ஸ்டூல் பக்கத்தில் வந்து நின்றார். கொரட்டூரில் பிறந்து வளர்ந்தவர். வாய் நிறையப் பேசுவார். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவர் பேசிவிடுவதால் பட்டறையின் கணக்கு நேராகிவிடும் என்பார்கள்.

"இன்னா நைனா, எங்களாண்ட சொல்லவே இல்ல. டீக்கடையாண்ட ஒரு பெரியவரு உன்னப் பத்தி விசாரிச்சிகினு இருந்தாரு. நானே போயி எல்லாம் ஒசத்தியா சொல்லி அனுப்பிச்சுட்டேன். கவலப்படாத."

என்ன சொன்னீர்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டேன். அடுத்த நான்கு நாள் நான் வைத்த முள்ளெல்லாம் முதல் தட்டிலேயே உட்கார்ந்தது.

ஐந்தாவது நாள் இன்லண்ட் லெட்டர் வந்தது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும். கடிதம் என்றால் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அடுப்படி வாசலில் நின்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். க்ஷேமம், நலம் எல்லாம் தாண்டியது. பையனின் குணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று இருந்தது. அம்மா முகம் மலர்ந்தது. அடுத்த வரியில் நான் நின்றுவிட்டேன். படிடா, படிடா என்று அவள் அவசரப்படுத்தினாள். நான் படித்தேன்.

வேலை செய்யும் இடத்தில் விசாரித்தோம், மேலதிகாரியே வந்து பேசினார். பையன் சுத்த ஜீரோ என்கிறார். பத்து வருஷமாகப் பார்க்கிறாராம், ஒரு நாள்கூட மாறவில்லையாம். காலையிலும் ஜீரோ, மாலையிலும் ஜீரோ. தட்டிப் பார்த்தாலும் ஜீரோதானாம். அவ்வளவு பேர் கேட்கும்படி நடுத்தெருவில் சொல்கிறார். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், உறவு என்றைக்கும் உறவுதான்.

என்னுடைய வாயாலேயே என்னை வேண்டாம் என்று சொல்லி முடித்து, கடிதத்தை மடித்தேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஏண்டா, பத்து வருஷமா டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்தேனே. அங்க போயி இதைத்தான் வாங்கிட்டு வந்தியா?"

அவளிடம் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஜீரோ என்றால் நல்லது என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், பையனுக்கு மூளையிலும் ஏதோ ஆகிவிட்டது என்ற கவலை தெரிந்தது. அன்று இரண்டு பேரும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தோம். "ஆறிடப் போகுது" என்று சொன்ன குரல் எனக்கு இனிமேல் கேட்காது.

மறுநாள் கடிதத்தைக் கொண்டுபோய் ஃபோர்மேன் மேஜையில் வைத்தேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தானே எழுதிக்கீறாரு?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் மறுபடியும் படித்தார். தான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறார், நல்ல ஞாபகசக்தி உள்ள மனுஷன், அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறார் என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. லேத்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். லேத்காரர் படித்துவிட்டு, இவ்வளவு புகழ்ந்தால் யாருக்குமே சந்தேகம் வரத்தான் செய்யும் என்றார். கடைசியில் ஸ்டோர் கீப்பர்தான் கண்டுபிடித்தார். காலை நேரம், இன்னும் நிமிர்ந்துதான் இருந்தார். அவருடைய மகள் கணக்கில் ஜீரோ வாங்கிவந்து அதற்கு முந்தின வாரம்தான் வீட்டில் ஒரே ரகளை.

"அண்ணாத்தே," என்றார் மெதுவாக, "வெளிய ஜீரோன்னா ஒண்ணுமில்லேன்னு அர்த்தம்."

லேத்தை நிறுத்தினார்கள். ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார்.

"ஞாயித்துக்கெழம ரெடியா இரு. நேரா அவரு ஊட்டுக்குப் போறோம். நானே புரிய வெக்கிறேன்."

நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவர் புரியவைத்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இருந்தது. சொல்லத் தெரியாததால் ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் ஸ்டேஷனில் போய் நின்றேன்.

ஃபோர்மேன் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே துண்டில் சுற்றி, பத்துக் கிலோ வரை அழுத்தம் காட்டுகிற ஒரு கேஜ். எடைத் தட்டுகளை அடுக்கி அழுத்தத்தைச் சோதிக்கிற மேஜையில் முந்தின நாள் நானே ஏற்றி இறக்கிப் பார்த்து ஜீரோ வைத்தது. வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், காட்டிவிடலாம் என்பது அவர் திட்டம்.

திருமுல்லைவாயல் வரை உட்கார இடம் இருந்தது. அண்ணனூரில் ஷெட்டில் வேலை முடித்த கூட்டம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமையிலும் அவர்களுக்கு ஷிப்ட் உண்டு என்பது எங்களுக்கு ஞாபகம் இல்லை. ஃபோர்மேன் ஒரு பெரியவருக்கு இடம்கொடுக்க எழுந்தார். மஞ்சப்பை இரண்டு பேருக்கு நடுவில் போய், கம்பியில் ஒரு முறை டங் என்று அடித்தது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அவரும் கேட்டார். இரண்டு பேரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தோம். ஆவடியில் இறங்கிச் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தோம். அந்த ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

பெண்ணின் அப்பா கதவைத் திறந்ததும் கொஞ்சம் திகைத்தார். ஆனாலும் வாசலில் நிற்கவைக்கவில்லை. "வாங்க, இருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். லெட்டர் வரலையோ என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வந்தது என்று தலையை ஆட்டினேன். உள்ளறைத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

ஃபோர்மேன் ஆரம்பித்தார். ஜீரோ என்றால் எங்கள் தொழிலில் என்ன, எரர் என்றால் என்ன, ஷிஃப்ட் என்றால் என்ன என்று வரிசையாகச் சொன்னார். ஸ்டோர் கீப்பர் மூன்று மணிக்குச் சாய்வதையும் உதாரணமாகச் சொன்னார். பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஃபோர்மேனுக்கு, இன்னும் கொஞ்சம் சொன்னால் பிடித்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. அப்போதுதான் எங்கள் பட்டறைக்குப் புதிதாக எலெக்ட்ரானிக் கருவிகள் வர ஆரம்பித்திருந்தன. அதில் லைவ் ஜீரோ என்று ஒன்று உண்டு. அழுத்தத்தைக் கம்பி வழியாகக் கரண்டாக அனுப்புகிற கருவி அது. அழுத்தம் ஒன்றும் இல்லாதபோதும் நாலு மில்லி ஆம்பியர் அனுப்பிக்கொண்டிருக்கும். கம்பி அறுந்தால்தான் கரண்டே இருக்காது. அதை வைத்து, இது சும்மா இருக்கிறதா, செத்துப்போய்விட்டதா என்று கண்டுபிடிக்கலாம்.

"அதே மாதிரிதான் சார் நம்ம பையன். பேசாம குந்திகினு கீறானேன்னு பாக்காதீங்க. உள்ள நாலு மில்லி ஆம்பியர் ஓடிகினே கீது."

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கி, அடக்க முடியாமல் இருமினார்கள். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப கரண்டு இருக்கானு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

இதற்குத்தான் ஃபோர்மேன் காத்திருந்தார். மஞ்சப்பையிலிருந்து கேஜை எடுத்து, துண்டைப் பிரித்து, மேஜை மேல் வைத்தார். இது பையன் கையால் வைத்த ஜீரோ, ரயிலிலும் ரிக்‌ஷாவிலும் ஆடி அசைந்து வந்திருக்கிறது, முள் எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள் என்றார். எல்லோரும் குனிந்தோம். பெண்ணின் அம்மாவும் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் பெண்ணும் வந்து நின்றாள்.

முள் ஜீரோ கோட்டின் மேல் பிசிறில்லாமல் நின்றது.

ஃபோர்மேன் விரலால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார். முள் அசையவில்லை. "தட்டினாலும் ஜீரோ" என்றார். பெண்ணின் அப்பா முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. இதைத்தான் அன்றைக்குச் சொன்னீர்களா என்று கேட்டார். தலையை மெல்ல ஆட்டினார். அவர் மனைவி அவரைப் பார்த்தாள். காரியம் நடந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம் நான் வழக்கம்போல் சும்மா இருந்தால் போதும்.

ஆனால் முள் அசையவில்லை.

நல்ல ஜீரோவில் நிற்கும் முள்ளைத் தட்டினால் ஒரு துளி துடிக்க வேண்டும். துடித்து மறுபடி அதே இடத்துக்கு வர வேண்டும். இது துடிக்கவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். டயலில் ஜீரோவுக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஆணி இருக்கும், முள் அதைத் தாண்டிப் பின்னால் போய்விடாமல் தடுப்பதற்கு. அண்ணனூரில் வாங்கிய அடியில் முள் அச்சில் கொஞ்சம் வழுக்கியிருக்கிறது. ஆணியும் ஜீரோ கோட்டுப் பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கிறது. முள் பின்னால் போகப் பார்த்து, போக முடியாமல், ஆணியில் சாய்ந்து நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சுத்த ஜீரோ. உள்ளே பொய். இந்தக் கேஜை எதிலாவது மாட்டினால் ஐந்து கிலோ இருக்கும்போது நாலரை என்று காட்டும். யாரோ ஒருவர் நம்பிக்கொண்டு அழுத்தத்தை இன்னும் ஏற்றுவார்.

அந்த வீட்டில் யாரும் அதை எதிலும் மாட்டப் போவதில்லை. இதுவும் எனக்குத் தெரியும்.

"அது ஜீரோ இல்ல" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஃபோர்மேன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நல்ல மிதி. நான் மேஜையிலிருந்து கேஜை எடுத்து, முன்வளையத்தைத் திருகிக் கழற்றினேன். கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்தேன். நகத்தால் முள்ளின் நுனியை லேசாகத் தூக்கி ஆணியைத் தாண்டவிட்டேன். அது விழுந்தது. எண்ணே இல்லாத இடத்தில், ஜீரோவுக்கு அரை கிலோ கீழே போய், துடித்து நின்றது.

"ஆணி புடிச்சிட்டிருந்துச்சு. வர்ற வழில அடி பட்டிருக்கு. இது தப்பு."

ஃபோர்மேன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கேஜ் சுற்றிவந்த துண்டு என்பதால் நெற்றியில் கிரீஸ் கோடு விழுந்தது. அவரிடம் சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை.

பெண்ணின் அப்பா கேஜைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இத நீங்க சொல்லாம இருந்தா எங்களுக்குத் தெரியவா போகுது?"

"தெரியாது."

"பொறவு ஏன் சொன்னீங்க?"

நான் யோசித்தேன். கேஜைப் பார்த்தேன்.

"நான் பாத்துட்டேனே" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். நான் கண்ணாடியை மறுபடி மாட்டினேன். மரை முதல் தடவையில் சரியாக ஏறவில்லை. ஃபோர்மேன் என் காதருகில் குனிந்து, உன் ஜீரோவில் இடி விழ, பொண்ணு போச்சு, வா கிளம்பலாம் என்று முணுமுணுத்தார். நான் நிமிர்ந்தபோது அவள் திரையோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் டம்ளரைத் தேடவில்லை. டம்ளர் இன்னும் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

பெண்ணின் அப்பா திரும்பிவந்தபோது அவர் கழுத்தில் டேப் தொங்கியது. தையல் டேப். நுனியில் இருக்கும் பித்தளைத் தகடு எப்போதோ உடைந்து, முதல் அங்குலமே தேய்ந்து நார்நாராகப் போயிருந்தது.

"எந்திரிங்க தம்பி" என்றார்.

எழுந்தேன். கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். டேப்பை ஒன்று என்ற கோட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். பழைய டேப்பு, அடி இல்ல, அதனால ஒண்ணுல இருந்துதான் புடிக்கணும், கடைசில ஒண்ணக் கழிச்சுக்கிடணும் என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். மகளைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். அவள் ஒரு நோட்டும் பென்சிலுமாக வந்து நின்றாள். அவர் எண்களைச் சொல்லச் சொல்ல எழுதினாள். மார்பு, தோள், கை, கழுத்து.

ஃபோர்மேனுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா சார் இது. வந்த விஷயத்துக்குப் பதில் சொல்லாம அளவு எடுத்துகினு கீறீங்க?"

"பதிலத்தான் எடுக்குதேன்" என்றார் அவர். "மாப்பிள்ளைக்குச் சட்டை எங்க வீட்டுலதான் தைப்போம். அது எங்க வழக்கம். கையக் கீழ போடுங்க மாப்பிள்ளை."

எனக்குக் கை கீழே வரவில்லை. இரண்டு தடவை சொன்ன பிறகுதான் போட்டேன். பெண்ணின் அம்மா சர்க்கரை எடுக்க உள்ளே ஓடினாள். ஃபோர்மேன் நெற்றியில் கிரீஸோடு, தான்தான் ஆரம்பத்திலேயே சொன்னேனே, சுத்த ஜீரோ என்று மறுபடியும் ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை.

தை மாதம் கல்யாணம். சட்டை முந்தின நாள் மேனாம்பேட்டுக்கு வந்தது. வெள்ளைச் சட்டை, ஒவ்வொரு தையலும் அச்சடித்ததுபோல் இருந்தது. போட்டுப் பார்த்தால் எல்லாப் பக்கமும் தொளதொளவென்று ஒரு அங்குலம் பெரிது. காலரில் இரண்டு விரல் போகும். கை, மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது. மண்டபத்தில் லேத்காரர் என்னைப் பார்த்து, யாருடைய சட்டை என்று விசாரித்தார். மாமனாரிடம் யாரோ கேட்டதற்கு, கல்யாணத்துக்கு அப்புறம் உடம்பு வைக்கும், வேணும்னேதான் விட்டேன் என்றார். முப்பது வருஷம் துணி வெட்டியவர் சொன்னால் யார் மறுத்துப் பேச முடியும்? கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் நான் என் அண்ணன் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டவன் மாதிரி நிற்கிறேன். எனக்கு அண்ணனே கிடையாது.

கல்யாணமாகி ஒரு வருஷம் போல ஆன பிறகு, அந்தச் சட்டையை இஸ்திரி போடும்போது என் மனைவி சொன்னாள். அப்பா எப்போதும் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் எண்ணை வாயால் சொல்வார். அன்றைக்கு மட்டும் டேப்பில் இருந்ததை அப்படியே சொன்னார். பதற்றம், மறந்துவிட்டார். முதல் எண்ணை எழுதும்போதே தனக்குத் தெரிந்துவிட்டது என்றாள்.

நீ அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "அப்பா டேப்பக் கீழ வச்சுட்டு, மறுபடி யோசிக்க ஆரம்பிச்சுட்டா?"

இஸ்திரிப் பெட்டியைக் காலர் மேல் வைத்து அழுத்தினாள். நான் "ம்" என்றேன்.